பசியாவரத்துப் பனிக்காலம்

குளிர் என்பது ஊரைப் பொறுத்தது என்று நினைப்பவர்கள் கும்பினியில் உத்தியோகம் பார்த்ததில்லை. கும்பினியில் குளிர் என்பது புத்தகத்தைப் பொறுத்தது.

அந்தப் புத்தகம் ஓர் ஆடி மாதம் பழவேற்காட்டில் வந்து இறங்கியது. கோட்டையில் உலாந்தாக்காரர் கும்பினியின், அதாவது டச்சுக் கம்பெனியின், கொடி பறந்துகொண்டிருந்த காலம். எழுநூறு பக்கம், தோல் அட்டை, பித்தளைக் கொக்கி. தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ‘மீன்பிடிக் குடியிருப்புகளுக்கான மனை விதிகள்’ என்று பெயர். அது எழுதப்பட்டதோ உலகத்தின் வடக்கு மூலையில் கிடந்த ஒரு தீவுக்காக. அங்கே மாதக்கணக்கில் சூரியன் தலைகாட்டாது. கடல் கல்லாக உறைந்து கிடக்கும். கும்பினி ஆட்கள் அங்கே திமிங்கிலம் பிடித்து எண்ணெய் காய்ச்சினார்கள். மரம் முளைக்காத மண். ஒவ்வொரு பலகையும் கப்பலில் போக வேண்டும். அங்கே ஒரு கதவு வாங்குகிற காசுக்கு இங்கே கன்றோடு ஒரு பசு வாங்கலாம். ஓர் அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கு ஓர் அடுப்பு, சம்பளத்தில் முக்கால்வாசி வாடகைக்கே போய்விடும், மிச்சம் சாராயத்துக்கு. அப்படிப்பட்ட ஊருக்கு யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து விதி எழுதினான். அவனைக் குறை சொல்வதற்கில்லை.

குறை சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. உலாந்தாவில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களுக்கு ஒரு யோசனை வந்தது. நம் கொடிக்குக் கீழே மீன் பிடிக்கிறவர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? பழவேற்காட்டு ஏரியில், பசியாவரம் என்கிற தீவில். அதுவும் தீவு, இதுவும் தீவு. அங்கேயும் வலை, இங்கேயும் வலை. ஊருக்கு ஒரு புத்தகம் அச்சடிப்பது வீண் செலவு. ஆகவே அதே புத்தகத்தில் ஒரு பிரதியை இங்கே அனுப்பிவிட்டு, அதை நிறைவேற்ற ஒரு துரையையும் அனுப்பினார்கள். ஊர்க்காரர்கள் அவருக்கு மனைத்துரை என்று பெயர் வைத்தார்கள். அவர் உத்தியோகம் பார்க்கிற கச்சேரிக்கு மனைக்கச்சேரி என்று பெயர்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பசியாவரத்துப் பெருமாளுக்கு வீடு கட்ட வேண்டிய அவசரம் வந்து தொலைந்தது.

பெருமாளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பெண்டாட்டி எல்லம்மா ஆறு மாதக் கர்ப்பம். இருவரும் அண்ணன் குடிசையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். பெருமாள் தன் அண்ணன் வலையில் கயிறு இழுத்தான். அண்ணன் கொடுத்ததை வாங்கிக்கொண்டான். ஏரியில் இறால் விழுகிற நல்ல இடங்கள் நாலைந்துதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் ஊரில் முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசிப் பௌர்ணமியன்று சீட்டுப் போட்டு யாருக்கு எந்தப் பாடு என்று பிரிப்பார்கள். அதில் ஒரே ஒரு நிபந்தனை. தனி அடுப்பு எரிகிற வீட்டுக்குத்தான் பாடு. அன்று காலையில் ஊர்த் தலைவரான நாட்டார் பெரியசாமி வீடு வீடாக வந்து, அடுப்பில் நெருப்பு இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்ப்பார். அடுப்பு இல்லாதவன் இன்னொரு வருஷம் அடுத்தவன் கயிற்றை இழுக்க வேண்டியதுதான்.

“எத்தினி நாளைக்கு நம்ப சோத்துல இன்னொரு கை உழறது?” என்று அண்ணி ஒரு நாள் சட்டியைப் பார்த்துச் சொன்னாள். சட்டிக்குக் காது கிடையாது, எல்லம்மாவுக்கு இருந்தது. அன்றைக்கே அவள் பெருமாளிடம் சொல்லிவிட்டாள். “இந்தா, எம் புள்ள பொறக்கறது எஞ் சொந்த அடுப்பாண்டதான். நீ இன்னா பண்ணுவியோ எனுக்குத் தெரியாது.”

ஆவணியில் பெருமாள் குடிசை போட்டான். பனங்கழி, பனையோலை, களிமண் சுவர். பங்காளிகள் கை கொடுத்தார்கள். நாலு நாள் வேலை. செலவு இரண்டு பானை கள்ளும் ஒரு பெரிய சட்டி மீன்குழம்பும். ஐந்தாம் நாள் பால் காய்ச்சப் போகும்போது கோட்டையிலிருந்து படகு வந்தது. நாலு சேவகர்கள் இறங்கி, அனுமதிச் சீட்டு இல்லாத வீடு, இதைப் பூட்ட வேண்டும் என்றார்கள். பூட்டலாம் என்று பார்த்தால் கதவு இல்லை. வாசலில் ஓர் ஓலைத் தட்டிதான் தொங்கியது. சேவகர்கள் கூடிப் பேசினார்கள். பிறகு பெருமாளுக்கு உத்தரவு போட்டார்கள்: பூட்டுவதற்கு வசதியாக எட்டு நாளைக்குள் உன் செலவில் ஒரு மரக்கதவு போடு.

பெருமாள் மனைக்கச்சேரிக்குப் போனான். புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் நின்ற சேவகன், “மூணு வாட்டி காலை உதறிட்டு உள்ள போ” என்றான். காலணியில் ஒட்டிய பனியை உதறாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்பது நாற்பதாம் விதி. பெருமாளுக்குக் காலணியே கிடையாது. வெறுங்காலைத் தரையில் மூன்று தடவை உதைத்தான். ஒரு தடவை சரியாக உதைக்கவில்லை என்று நான்காவது உதைக்கச் சொன்னார்கள்.

உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கச்சேரியில் நெருப்பு அணையக்கூடாது என்பது இன்னொரு விதி. அதன் பக்கத்தில், கம்பளி அங்கிக்குள், அவித்த நண்டு நிறத்தில் மனைத்துரை உட்கார்ந்திருந்தார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்று சொட்டியது. துரைக்கு மொழிபெயர்க்கிற துபாஷி மாசிலாமணி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரிக்கு மாசிலாமணி அண்ணன்.

மாசிலாமணி புத்தகத்தைப் பிரித்துப் படித்தார். வீட்டுக்குச் செங்கல்லில் புகைபோக்கி வேண்டும். கூரை மேல் விழுகிற பனி சறுக்கி விழும்படி கூரை செங்குத்தாக இருக்க வேண்டும். ஏழு மாதத்துக்கு விறகு வீட்டுக்குள்ளேயே அடுக்கியிருக்க வேண்டும். வாசலில் பனி வாருகிற பலகை ஒன்று சாத்தியிருக்க வேண்டும்.

“சாமி, எங்க ஊருல பொகபோக்கி எதுக்கு? ஓலையில பொக தானா பூடுமே” என்றான் பெருமாள்.

“எதுக்குங்கறது கச்சேரியில கேக்கற கேள்வி இல்லடா. எப்போன்னு கேளு, எவ்ளோன்னு கேளு.”

“எவ்ளோ சாமி?”

வீட்டின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு கும்பினிக்குக் கட்டணம். மதிப்பு என்ன என்பதையும் புத்தகம்தான் சொல்லும். பனையோலை என்று ஒரு பொருள் புத்தகத்தில் இல்லை. அதற்குக் கிட்டத்தில் இருந்தது கப்பலில் வந்த கருவாலிப் பலகை. ஆகவே ஓலைக்கெல்லாம் அந்த வடக்குத் தீவுப் பலகை விலையைப் போட்டார்கள். பெருமாளின் குடிசை எண்பது வராகன் பெறும் என்று முடிவாயிற்று. தான் இவ்வளவு பெரிய சொத்துக்காரன் என்று பெருமாளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்தது.

அவன் முகத்தைப் பார்த்து மனைத்துரையே இரங்கிவிட்டார். எழுந்து நின்று நீளமாகப் பேசினார். மாசிலாமணி அதைத் தமிழாக்கினார்.

“துரையவர்கள் திருவாய் மலர்ந்தருளுகிறார்கள். கும்பினி உன்னைக் கைவிடாது. குளிரில் விறைத்துச் சாகும் ஏழைகளைக் காப்பாற்றவே இந்த விதிகள். உன் ஊரில் குளிர் இல்லை என்கிறாய். அது உன் ஊரின் குறை. அதற்காக விதியைக் குறைக்க முடியாது. இன்று உனக்காகப் புகைபோக்கியை விட்டுக் கொடுத்தால், நாளைக்கு வெயில் அடிக்கிறது என்று என்னை அங்கியைக் கழற்றச் சொல்வார்கள். பிறகு அங்கிக்கு உள்ளே இருப்பவனும் உன்னைப் போல ஒரு மனிதன்தான் என்று தெரிந்துவிடும். அப்புறம் யார் கட்டணம் கட்டுவார்கள்?”

பேசி முடித்துத் துரை உட்கார்ந்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. மாசிலாமணிக்குத் தெரிந்தது; அவர் விசிறியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

எல்லம்மாவின் வெள்ளிக் காப்பும் தண்டையும் போயின. அண்ணனிடம் ஒரு வருஷக் கூலி முன்பணமாக வந்தது. கோட்டைச் சூளையிலிருந்து செங்கல் வந்தது. பனி வாருகிற பலகையை மாசிலாமணியின் மைத்துனன் மட்டும்தான் செய்து விற்றான். வேறு யார் செய்தாலும் அளவு சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஓலைக் குடிசைக்கு மேல் செங்கல் புகைபோக்கி எழும்பி நின்றபோது, கோவணம் கட்டியவன் பட்டுத் தலைப்பாகை வைத்த மாதிரி இருந்தது. கும்பினி உத்தரவுப்படி ஏழு மாத விறகையும் உள்ளே அடுக்கினார்கள். அடுக்கி முடித்ததும் உள்ளே அடுப்புக்கும், கால் மடக்கி ஓர் ஆள் உட்காரவும்தான் இடம் இருந்தது. பெருமாள் வெளியே படுத்தான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எல்லம்மாவும் வெளியே படுத்தாள்.

“வெறகுக்கு ஊடு கட்டின மொத ஆளு நீதான்யா” என்றாள்.

அப்படியும் அனுமதிச் சீட்டுக் கிடைக்கவில்லை. கூரைச் சோதனை பாக்கி இருந்தது. கூரை மேல் இரண்டு மரக்கால் பனியைக் கொட்டி, நூறு எண்ணுவதற்குள் அது சறுக்கி விழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பனிக்கு எங்கே போவது? மனைக்கச்சேரி மூன்று நாள் கூடி யோசித்தது. வெள்ளையாக இருக்கிற ஒன்றைப் பனியாகப் பாவிக்கலாம் என்று துரை பெரிய மனது பண்ணினார். முதலில் அரிசி மாவு கொட்டினார்கள். தீவில் இருந்த காக்கை முழுக்க வந்து துரையின் தொப்பி மேலும் உட்கார்ந்தது. அடுத்து சுண்ணாம்பு, ஏணி பிடித்த சேவகனுக்குக் கண் போகத் தெரிந்தது. கடைசியில் உப்பு என்று முடிவாயிற்று. உப்பளத்திலிருந்து இரண்டு மூட்டை வந்தது, பெருமாள் செலவில்.

உப்பில் பாதி சறுக்கி விழுந்தது. பாதி ஓலையிலேயே ஒட்டிக்கொண்டது. பாதித் தேர்ச்சி என்று எழுதினார்கள். ஒட்டிக்கொண்ட உப்பை எடுக்கக்கூடாது, அது இப்போது கும்பினியின் பனி என்றார்கள். தினமும் காலையில் படகில் ஒரு கணக்கர் வந்து ஏணி வைத்து ஏறி, கூரை மேல் பனி எத்தனை விரல் உயரம் என்று அளந்து எழுதினார். புத்தகம் வந்த பிறகு பசியாவரத்தில் கட்டிய புது வீடு இது ஒன்றுதான். எழுநூறு பக்கமும் பெருமாள் ஒருவன் தலையில்தான் விடிந்தது. ஆனாலும் அனுமதிச் சீட்டு வந்துவிட்டது. ‘பனிக்கால வீடு’ என்று அதில் எழுதியிருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் எல்லம்மா தன் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, தன் அடுப்பைப் பற்ற வைத்தாள். பாடு பிரிக்கச் சீட்டுப் போட இன்னும் எட்டு நாள் இருந்தது.

இரண்டாம் நாள் வாடைக்காற்று திரும்பியது. ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. கூரை உப்பு கரைந்து ஓலை வழியாக ஒழுகிக் குழம்புச் சட்டியில் இறங்கியது. அன்று எல்லம்மா குழம்புக்கு உப்பே போடவில்லை.

மழையோடு மழையாகக் கணக்கர் ஏணியில் ஏறினார். பார்த்தார். இறங்கி வந்து எழுதினார்: ‘பனி உருகிவிட்டது.’

அன்று மத்தியானமே மாசிலாமணி குடையோடு படகில் வந்தார். முகத்தில் கல்யாணக் களை. “டேய் பெருமாள், பனி உருகிடுச்சுடா. வசந்தகாலம் வந்திடுச்சு.”

இடி இடித்தது. பெருமாள் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு நின்றான். “சரி சாமி. அதுக்கு இன்னா?”

அதற்கு என்ன என்பதும் புத்தகத்தில் இருந்தது. வடக்குத் தீவில் பனி உருகினால் திமிங்கிலக்காரர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்கள். அடுத்த பனிக்காலம் வரை கும்பினி வீடுகளை அடைத்து வைக்கும். வசந்தத்தில் வீட்டில் இருப்பவன் திருட்டுக் குடி. சேவகர்கள் சட்டி பானையை எடுத்து மழையில் வைத்தார்கள். பூட்டு கைவசம் இல்லாததால், பெருமாள் தன் செலவில் போட்ட அதே கதவில் கயிறு கட்டி, சிவப்பு அரக்கில் முத்திரை வைத்தார்கள்.

“புள்ளத்தாச்சி சாமி” என்றான் பெருமாள். “மழ நிக்கற வரைக்குமாவது…”

“மழைன்னு புஸ்தகத்துல தனியா இல்லடா. பனி உண்டு, வசந்தம் உண்டு. துரை கிட்ட சொல்லிப் பாக்கறேன்” என்று மாசிலாமணி படகேறினார். போகிற வழியில் மறந்துவிட்டார்.

ஆறு நாள் இருவரும் கவிழ்த்துப் போட்ட தோணிக்கு அடியில் கிடந்தார்கள். அண்ணன் வந்து கூப்பிட்டான். போயிருக்கலாம். போனால் அண்ணன் அடுப்பில் சேர்ந்ததாக ஆகிவிடும், பாடு போய்விடும். எல்லம்மா வரமாட்டேன் என்றாள். பெருமாள் கச்சேரிக்கு மூன்று தடவை போய்க் காலை உதறிவிட்டு வந்தான். வசந்த காலத்தில் மனுக்கள் வாங்குவதில்லை என்றார்கள். அவன் திரும்பி வந்து தோணிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, தன்னையே திட்டிக்கொண்டான்.

பௌர்ணமியன்று காலையில் எல்லம்மா எழுந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓட்டில் நாலு கங்கு வாங்கி வந்தாள். தன் வீட்டு வாசலில், கூரைத் தாழ்வாரத்துக்குள், கதவை ஒட்டி மூன்று கல்லை வைத்து நெருப்பு மூட்டினாள். பனி வாருகிற பலகையை உடைத்து விறகாக வைத்தாள். காவலுக்கு இருந்த சேவகன் தூக்கம் கலைந்து ஓடி வந்தான்.

“இன்னாம்மா பண்ற?”

“சோறாக்கறேன்.”

“மொத்திரையாண்டயா ஆக்கறது? உருகுது பாரு, உருகுது பாரு!”

“பனியே உருகிடுச்சாம். மொத்திர உருகாதா?”

சேவகன் வாயைத் திறந்தான். அவன் ஆரம்பாக்கத்துப் பையன். கும்பினிச் சட்டை போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பனி உருகியது என்று கணக்கர் எழுதியதைப் பொய் என்று சொன்னால் அவன் வேலை போகும். அரக்கு உருகக்கூடாது என்று எந்த விதியும் அவனுக்குத் தெரியாது. அவன் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்தான். அரக்கு கண்ணீர் மாதிரி வழிந்து கயிறு அவிழ்ந்தது. எல்லம்மா எரிகிற கட்டையை உள்ளே கொண்டுபோய்த் தன் அடுப்பில் வைத்தாள். புகை ஓலை வழியாக வந்தது, கதவு வழியாக வந்தது, சுவர்ப் பொத்தல் வழியாக வந்தது. புகைபோக்கி வழியாக மட்டும் வரவில்லை.

நாட்டார் பெரியசாமி வந்து குனிந்து பார்த்தார். கண்ணில் புகை பட்டு இருமினார். “எரியுது” என்றார். அவ்வளவுதான்.

சீட்டுப் போடும் இடத்துக்கு மனைத்துரையே வந்துவிட்டார். செய்தி யார் சொன்னார்களோ. கம்பளி அங்கி மழையில் ஊறி, நனைந்த எருமை மாதிரி கனத்தது. மாசிலாமணி அவர் சார்பில் தொண்டையைக் கனைத்தார்.

“துரையவர்கள் கேட்கிறார்கள். இப்போது வசந்தம். வசந்தத்தில் இந்தக் குடியிருப்பில் வீடு இல்லை. வீடு இல்லாததால் குடித்தனம் இல்லை. குடித்தனம் இல்லாததால் பெருமாள் என்று ஆள் இல்லை. இல்லாத ஆளுக்கு எப்படிப் பாடு விழும்?”

பெருமாள் தன் கையைப் பார்த்துக்கொண்டான். இருக்கிறோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எல்லம்மா பின்னால் வந்து அவன் முதுகில் ஒரு குத்துக் குத்தினாள். இருந்தான்.

நாட்டார் பெரியசாமி வெற்றிலையைத் துப்பினார். “இல்லன்னே எழுதிக்குங்க சாமி. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பாட்டுல உழற எறாலுல பத்துக்கு ஒண்ணு கும்பினி வாங்குதே, அத்த இல்லாத ஆளாண்ட எப்டி வாங்குவீங்க?”

மாசிலாமணி இதைத் துரையிடம் சொன்னார். துரை புத்தகத்தைப் படகிலிருந்து தூக்கி வரச் சொன்னார். இரண்டு ஆள் தூக்கி வந்தார்கள். மழையில் குடை பிடித்து எழுநூறு பக்கத்தையும் புரட்டினார்கள். பங்கு வாங்குகிற பக்கத்தில், கொடுக்கிறவன் இருக்க வேண்டும் என்று இருந்தது. வசந்தத்துப் பக்கத்தில், ஒருவனும் இருக்கக்கூடாது என்று இருந்தது. துரைக்கு மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொந்தமாக யோசிக்க வேண்டி வந்தது. அதைப் பார்க்கவே பரிதாபமாக இருந்ததாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

சாயங்காலம் உத்தரவு பிறந்தது. கும்பினிக்குப் பங்கு கொடுக்கிற நாட்களில் மட்டும் பெருமாள் என்பவன் உண்டு. மற்ற நாட்களில் அவனும் அவன் வீடும் இல்லை. அதற்குக் கீழே துரை கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். உலாந்தாவுக்கு எழுதிய கடிதத்தில், விதிகளைச் செவ்வனே நிறைவேற்றியதால் இந்த ஆண்டு பசியாவரத்தில் குளிரில் ஒருவரும் சாகவில்லை என்று தெரிவித்தார்.

சீட்டில் பெருமாளுக்கு நடுத்தரமான பாடு விழுந்தது. மாதத்துக்கு இரண்டு நாள் அவன் இருந்தான், பங்கைக் கொடுத்தான். மற்ற நாட்களில் இல்லாதவனை யாரும் விறகு கேட்கவில்லை, கூரையை அளக்கவில்லை, காலை உதறச் சொல்லவில்லை. விறகை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு இருவரும் உள்ளே படுத்தார்கள்.

கார்த்திகையில், மழை வெளுத்து வாங்கிய ஒரு மத்தியானம், எல்லம்மாவுக்கு அவள் சொன்னபடியே அவள் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெண் பிறந்தது. பெருமாள் ஏரியிலிருந்து ஓடி வந்து, ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினான். அது தீவே கேட்கிற மாதிரி கத்தியது. வாசலில் எட்டிப் பார்த்த அந்த ஆரம்பாக்கத்துச் சேவகன், புதுசாக ஒரு தலை வந்தால் கச்சேரியில் பெயர் எழுத வேண்டும், எழுதிக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“வேணாம் நைனா, எழுதாத” என்றான் பெருமாள். “இதாவது எல்லா நாளும் இருக்கட்டும்.”